ரிப்போர்ட்டில் சிவப்பு மையால் வட்டமிட்ட 34 சதவீதம்

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 58 வயது. புகைப் பழக்கம், வெற்றிலை எதுவும் கிடையாது. ஆறு மாதம் விடாத இருமல். டி.பி. ஆக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. பிறகுதான் ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல் மடலில் கட்டி தெரிந்தது. ஐந்து வாரத்துக்கு முன் ஆபரேஷன் செய்து அந்த மடலை எடுத்துவிட்டார்கள். அடினோகார்சினோமா வகைக் கேன்சர், 3.4 செ.மீ., எடுத்த 14 நெறிக்கட்டிகளில் 2-ல் கேன்சர், வெட்டிய ஓரங்கள் சுத்தம், ஸ்டேஜ் 2பி என்று எழுதியிருக்கிறது. இப்போது மரபணு ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். எக்ஸான் 19 டெலிஷன் 34%, டி.பி.53 மாற்றம் 31%. கேன்சர் திரும்ப வர 34% வாய்ப்பு என்று அர்த்தமா? இரண்டையும் கூட்டி 65% என்கிறார் என் சித்தப்பா. கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, அப்புறம் கீமோவும் மூன்று வருடம் மாத்திரையும் எதற்கு? ரத்தப் பரிசோதனையிலேயே முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாமாமே, செய்யட்டுமா? மரபணு என்கிறார்கள், எனக்கும் என் மகளுக்கும் வருமா? அம்மாவுக்கு விஷயம் தெரியாது. சளிக்கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறோம்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் படத்தில் 34-ஐச் சுற்றி சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவை அழுத்திப் போட்ட வட்டம். முதலில் அதையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் வீட்டின் பாதித் தூக்கம் அந்த வட்டத்துக்குள்தான் போயிருக்கிறது.

அந்த எண்ணுக்கும் கேன்சர் திரும்பி வருவதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் சித்தப்பா போட்ட கூட்டல் கணக்குக்கு வேலையும் இல்லை.

அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஆபரேஷனில் எடுத்த கட்டியிலிருந்து ஒரு துண்டை மெழுகில் பதித்து வைப்பார்கள். அதை பிளாக் என்போம். அந்த பிளாக்கிலிருந்து மெல்லிசாகச் சீவி, அதில் உள்ள டி.என்.ஏ.வைப் பிரித்து, எழுத்து எழுத்தாகப் படிக்கிறது இயந்திரம். ஒரே இடத்தைப் பல நூறு தடவை படிக்கும். அப்படிப் படித்ததில் 100-க்கு 34 தடவை மாற்றம் உள்ள டி.என்.ஏ. அகப்பட்டது. 34% என்றால் அவ்வளவுதான்.

மீதி 66 எங்கே போனது? சீவிய துண்டில் கேன்சர் செல் மட்டும் இருக்காது. ரத்தக் குழாய், தழும்புத் திசு, வெள்ளை அணுக்கள் எல்லாம் கலந்திருக்கும். உங்கள் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம், மேலிருந்து நான்காவது வரியில் கட்டி செல்களின் அளவு 70% என்று இருக்கிறது பாருங்கள், அதை யாரும் வட்டமிடவில்லை. அப்புறம் ஒவ்வொரு செல்லிலும் இந்த மரபணு இரண்டு பிரதிகள் இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. கேன்சர் செல்லிலும் பெரும்பாலும் ஒரு பிரதிதான் கெட்டிருக்கும். 70-இல் பாதி 35. ரிப்போர்ட்டில் இருப்பது 34. அதாவது, தோராயக் கணக்குதான் என்றாலும், உங்கள் அம்மாவின் கட்டியில் கிட்டத்தட்ட எல்லாக் கேன்சர் செல்களிலும் இந்த மாற்றம் இருக்கிறது.

கேட்கப் பயமாக இருக்கிறதா? எனக்கு அது ஓரளவு நல்ல சேதி. ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

திரும்ப வருமா என்ற கேள்விக்கு முதல் பதில் மரபணு ரிப்போர்ட்டில் இல்லை, அதற்கு முன்னால் வந்த பயாப்சி ரிப்போர்ட்டில் இருக்கிறது. கட்டி எவ்வளவு பெரியது, நெறிக்கட்டிக்குப் போயிருக்கிறதா, நுரையீரலின் மேலுறையைத் தாண்டியிருக்கிறதா, ஓரங்கள் சுத்தமா என்பவைதான் இன்றைக்கும் முதல் அளவுகோல். உங்கள் அம்மாவுக்கு ஓரங்கள் சுத்தம், 14 நெறிக்கட்டிகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சர்ஜன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். ஆனால் 2 நெறிக்கட்டிகளில் கேன்சர் இருந்தது. கட்டியிலிருந்து செல்கள் புறப்பட்டு நெறிக்கட்டி வரை நடந்திருக்கின்றன. அப்படி நடந்தவற்றில் சில, ஸ்கேன் கண்ணுக்குத் தெரியாத அளவில், வேறு எங்காவது போய் உட்கார்ந்திருக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகும் மருந்து எதற்கு என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான்: எடுத்தது கட்டியை, மருந்து கொடுப்பது தப்பித்துப் போயிருக்கக்கூடிய செல்களுக்கு.

இனி மரபணுவுக்கு வருவோம். நுரையீரல் கேன்சரில் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கிறது என்று பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் கண்டுபிடித்தார்கள். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு சுவிட்ச் இது. 'வளரு' என்ற சேதி வெளியிலிருந்து வந்தால்தான் அது எரிய வேண்டும். அந்த மரபணுவின் எக்ஸான் 19 என்ற பகுதியில் ஒரு சின்னத் துண்டு விழுந்துவிட்டால், யாரும் தட்டாமலேயே எரிந்துகொண்டே இருக்கும். புகைபிடிக்காதவர்களிடமும், பெண்களிடமும், ஆசியர்களிடமும் இது அதிகம். சிகரெட்டால் வந்த கட்டி என்றால் மரபணு மாற்றங்கள் எக்கச்சக்கமாக இருக்கும், கே.ராஸ் போன்ற வேறு மரபணுக்கள் முன்னால் நிற்கும். உங்கள் அம்மா போன்றவர்களின் கட்டியில் மாற்றங்கள் குறைவு, அதில் ஒன்று மட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும்.

ஒரே ஸ்டேஜில் உள்ள இரண்டு பேரில், ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருப்பவருக்குக் கட்டாயம் திரும்ப வரும், இல்லாதவருக்கு வராது என்று சொல்ல முடியுமா? முடியாது. அந்த ஒரு கேள்விக்கு ஆராய்ச்சிகள் ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கின்றன. திரும்பினால் எங்கே போகும் என்பதில் மட்டும் இதற்கு ஒரு குணம் உண்டு. மூளைக்கும் எலும்புக்கும் போவதில் இதற்கு ஆர்வம் அதிகம். அதனால்தான் இவர்களுக்குத் தலைவலி, முதுகுவலி என்றால் நாங்கள் சாதாரணமாக விட்டுவிடுவதில்லை.

டி.பி.53 கதை வேறு. இது காவல்கார மரபணு. செல்லில் பழுது வந்தால் பிரிவதை நிறுத்தும், சரிசெய்ய முடியாவிட்டால் செல்லையே சாகவிடும். அது கெட்டுப்போனால் குரோமோசோம்கள் துண்டாவதும் இரட்டிப்பதும் கேட்பாரில்லாமல் நடக்கும். ஈ.ஜி.எஃப்.ஆரும் டி.பி.53-யும் சேர்ந்து கெட்ட கட்டிகள் கொஞ்சம் முரட்டுத்தனமாக நடந்துகொள்கின்றன, மாத்திரைக்கு அடங்கியிருக்கும் காலம் சற்றுக் குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மறைக்க விரும்பவில்லை. ஆனால் இப்படிச் சேர்ந்து வருவது அபூர்வம் ஒன்றுமில்லை, ஈ.ஜி.எஃப்.ஆர். கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இருக்கும். அது இருப்பதற்காக இன்றைக்கு நாங்கள் மருந்தை மாற்றுவதும் கிடையாது. ஸ்கேன் தேதியைத் தள்ளிப்போடாமல் பார்த்துக்கொள்வதற்கு அது ஒரு காரணம், அவ்வளவே.

இந்த இடத்தில், இங்கிலாந்தில் நடக்கும் ட்ரேசர்எக்ஸ் என்ற ஆய்வைச் சொல்லியாக வேண்டும். ஆபரேஷனில் எடுத்த நுரையீரல் கட்டியை ஒரே இடத்தில் சோதிக்காமல் பல இடங்களில் வெட்டி வெட்டிச் சோதித்தார்கள். முதல் 100 நோயாளிகளின் முடிவு 2017-இல் வந்தது. கட்டி ஒரு மரம் மாதிரி வளர்கிறது. சில மாற்றங்கள் அடிமரத்தில் இருக்கின்றன, எந்தக் கிளையைக் கிள்ளிப் பார்த்தாலும் அவை இருக்கும். சில மாற்றங்கள் ஏதோ ஒரு கிளையில் மட்டும். ஈ.ஜி.எஃப்.ஆர். அநேகமாக எப்போதும் அடிமரத்தில். திரும்ப வருவதோடு அதிகம் சேர்ந்து போனது எது தெரியுமா? மாற்றங்களின் எண்ணிக்கை இல்லை. கிளைக்குக் கிளை குரோமோசோம்கள் எவ்வளவு தாறுமாறாக வேறுபட்டிருந்தன என்பதுதான். அந்தக் குழப்பம் மிகுந்திருந்தவர்களுக்கு நோய் திரும்பவோ உயிரிழக்கவோ இருந்த ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. நம் ஊர் ரிப்போர்ட்டுகள் இதை அளப்பதில்லை. அதனால் ரிப்போர்ட்டில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பயப்படுவதில் பொருளில்லை. கடைசிப் பக்கத்தில் 'முக்கியத்துவம் தெரியாதவை' என்ற தலைப்பில் ஏழெட்டுப் பெயர்கள் இருக்கும், அவற்றைத் தயவுசெய்து கூகுளில் தேடாதீர்கள்.

34% நல்ல சேதி என்றேன் அல்லவா. மாற்றம் அடிமரத்தில் இருக்கிறது என்றால், அதைக் குறிவைக்கும் மாத்திரை கிளைகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும், தப்பித்து ஓடிய செல்கள் உட்பட. ஆபரேஷனுக்குப் பிறகு ஈ.ஜி.எஃப்.ஆர். பெயர் முக்கியமாகப் பயன்படுவது இதற்குத்தான். அது ஜாதகம் சொல்வதில்லை, எந்தச் சாவி பொருந்தும் என்று சொல்கிறது.

சாவியின் பெயர் ஓசிமெர்டினிப். ஒரு நாளைக்கு 80 மி.கி., ஒரே மாத்திரை. ஆபரேஷன் முடிந்த 682 பேரை வைத்து அடாரா என்ற ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மூன்று வருடம் இந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. உங்கள் அம்மா போல ஸ்டேஜ் 2-லிருந்து 3ஏ வரை இருந்தவர்களை மட்டும் பார்த்தால், நான்காவது வருட முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மாத்திரை எடுத்ததில் 100-க்கு 70, எடுக்காததில் 29. மூளையில் திரும்புவதும் குறைந்தது. 'சரி, தள்ளித்தானே போட்டது, ஆயுளைக் கூட்டியதா?' என்று எங்கள் ஆட்களே கேட்டோம். 2023-இல் அதற்கும் பதில் வந்தது: இதே குழுவில் ஐந்தாம் வருடம் உயிரோடு இருந்தவர்கள் 85%, எடுக்காதவர்களில் 73%.

அந்த 29-ஐ மறுபடி பாருங்கள். மாத்திரை இல்லாமல், ஸ்கேன் சுத்தமாக இருந்த நூறு பேரில் 71 பேருக்கு நான்கு வருடத்துக்குள் நோய் திரும்பியிருக்கிறது அல்லது அவர்கள் இறந்திருக்கிறார்கள். கட்டியைத்தான் எடுத்தாயிற்றே என்று நான் சும்மா இருக்க முடியாமல் இருப்பது இந்த எண்ணால்தான்.

இந்த ஆய்வில் குறை இல்லையா என்றால் உண்டு. மூன்று வருடம் முடிந்து மாத்திரையை நிறுத்திய பிறகு சிலருக்கு நோய் திரும்பியது. இது முழுக்கக் குணப்படுத்துகிறதா, பலருக்கு அடக்கி மட்டும் வைக்கிறதா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் நோய் திரும்பிய எல்லோருக்கும் பிறகாவது இதே மருந்து கிடைக்கவில்லை என்பதும் நியாயமான குறை. இருந்தும் என் அம்மாவாக இருந்தால் கொடுப்பேன்.

கீமோ? ஸ்டேஜ் 2பி, நெறிக்கட்டியில் நோய். உடம்பு தாங்கும் என்றால் மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு சுற்று கொடுப்பதுதான் வழக்கம். அதன் பலன் சுமார்தான், ஐந்து வருடக் கணக்கில் 100 பேரில் 5 பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். கீமோ எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மாத்திரை வேலை செய்தது. ஆகவே அம்மாவின் சிறுநீரகம், காது, பொதுவான தெம்பு எல்லாவற்றையும் பார்த்து உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். ஐந்து வாரம் ஆகிவிட்டது, இந்தப் பேச்சை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விலை குறைவு என்று ஜெஃபிடினிப் என்ற பழைய மாத்திரையை யாராவது சொல்வார்கள். அதுவும் ஈ.ஜி.எஃப்.ஆருக்கான மருந்துதான், ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த சீன ஆய்வில் நோய் திரும்புவது தள்ளிப்போனதே தவிர, கடைசியில் ஆயுள் கூடவில்லை. 'இம்யூனோ ஊசி', அதாவது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஊசி, 'போடலாமே' என்பவர்களும் வருவார்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. அதைப் போட்ட கையோடு ஓசிமெர்டினிப் ஆரம்பித்தால் நுரையீரல் வீங்கும் ஆபத்து கூடுகிறது. வேண்டாம்.

விலை விஷயம் எனக்குத் தெரியும், ஒவ்வொரு ஓ.பி.யிலும் பேசுவதுதான். 2024 ஜூலை பட்ஜெட்டில் இந்த மருந்துக்குச் சுங்க வரியை எடுத்தார்கள், அதே வருடம் ஜி.எஸ்.டி.யும் 12-லிருந்து 5% ஆனது. ஆனாலும் நடுத்தரக் குடும்பம் தாங்குகிற விலை இல்லை. மருந்துக் கம்பெனிகளுக்கு நோயாளி உதவித் திட்டங்கள் உண்டு. மாத்திரையை எழுதும் நாளிலேயே அந்தப் படிவத்தைக் கேளுங்கள். இரண்டு மாதம் முழு விலை கொடுத்து வாங்கிவிட்டு அப்புறம் கேட்பவர்கள்தான் அதிகம்.

மாத்திரை ஆரம்பித்தால் வீட்டில் என்ன பார்க்க வேண்டும்? வயிற்றுப்போக்கு வரும், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைவசம் இருக்கட்டும். தோல் வறளும், முகத்தில் பரு மாதிரி வரும். பெண்களை அதிகம் படுத்துவது நகக்கண். நகத்தின் ஓரம் சிவந்து, வீங்கி, புளி கரைக்கக் கை வைத்தால் உயிர் போகும். பாத்திரம் தேய்க்கும் வேலையை முதல் நாளிலிருந்தே வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், நகத்தை ஒட்ட வெட்டவேண்டாம், தேங்காயெண்ணெயோ வாசலினோ இரவில் தடவட்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. புதிதாக மூச்சிரைப்போ வறட்டு இருமலோ வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போன் செய்யுங்கள், டாக்டர் சொல்லும் வரை மாத்திரை வேண்டாம். 100-க்கு 3 பேருக்கு நுரையீரலில் அழற்சி வரலாம். இதயத்துக்காக ஈ.சி.ஜி.யும் எக்கோவும் இடையிடையே எடுப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் டி.பி. மாத்திரை என்று படித்ததும் எனக்கு ஒரு கவலை. அதில் இருக்கும் ரிஃபாம்பிசின், ஓசிமெர்டினிப்பை ரத்தத்தில் தங்கவிடாமல் விரட்டிவிடும். அந்த மாத்திரையை நிறுத்தியாயிற்றா, சளியில் கிருமி உண்மையிலேயே இருந்ததா என்று எழுத்தில் வாங்கி உங்கள் கேன்சர் டாக்டரிடம் காட்டுங்கள். நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தாலும் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டார்.

ரத்தப் பரிசோதனை பற்றி. கட்டியிலிருந்து உதிரும் டி.என்.ஏ.வை ரத்தத்தில் தேடும் சோதனை அது. விஞ்ஞானம் உண்மைதான். ட்ரேசர்எக்ஸ் குழுவினரே 2017-இல், நோய் திரும்புவதை ஸ்கேனில் தெரிவதற்குச் சுமார் 70 நாள் முன்னதாகப் பிடித்தார்கள். ஆனால் அடினோகார்சினோமா கஞ்சத்தனமாகத்தான் ரத்தத்தில் உதிர்க்கும், அதனால் 'இல்லை' என்று வந்தால் இல்லை என்று நம்பிவிட முடியாது. 'இருக்கிறது' என்று வந்தால், ஸ்கேன் சுத்தமாக இருக்கும்போது அதை வைத்து மருந்தைக் கூட்டினால் ஆயுள் கூடும் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. 70 நாள் முன்னதாகப் பயப்பட மட்டும் அது உதவும். அந்தப் பணத்தை மாத்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு சி.டி. ஸ்கேன், முதல் இரண்டு மூன்று வருடம் தவறாமல், அதன் பிறகு வருடம் ஒன்று. இதை விடாமல் செய்தால் போதும். மூளைக்கு எம்.ஆர்.ஐ. எப்போது என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளாக்கை மட்டும் பத்திரமாக வையுங்கள். லேபில் எழுதிக்கொடுத்துக் கேட்டால் தருவார்கள். ரிப்போர்ட்டில் உள்ள பிளாக் எண்ணை உங்கள் போனில் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நுரையீரலில் இன்னொரு புள்ளி தெரிந்தால், அது பழையதே திரும்பியதா, புதிதாக முளைத்த வேறு கேன்சரா என்று இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். சிகிச்சை இரண்டுக்கும் வேறு.

உங்களுக்கும் மகளுக்கும் வருமா? இந்த மாற்றங்கள் உங்கள் அம்மா பிறக்கும்போது கொண்டுவந்தவை இல்லை. நுரையீரலில் எங்கோ ஒரு செல்லில், பிற்காலத்தில் நேர்ந்தவை. கருமுட்டையில் இல்லாதது உங்களுக்கு எப்படி வரும்? மரபணு மாற்றம் என்றதும் 'மரபு' என்ற சொல் காதில் விழுந்து பரம்பரை என்று அர்த்தமாகிவிடுகிறது, தமிழில் நாம் வைத்த பெயரின் கோளாறு இது. டி.பி.53 பிறவியிலேயே கெட்டிருக்கும் குடும்பங்கள் உண்டு, மிக அபூர்வம். அங்கே சின்ன வயதிலேயே மார்பகம், எலும்பு, மூளை என்று பலருக்குக் கேன்சர் வந்திருக்கும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது உண்டா? இல்லையென்றால் அந்தச் சோதனை உங்களுக்குத் தேவையில்லை. புகுந்த வீட்டில் யாராவது வாய் விட்டால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

கடைசியாக, சளிக்கட்டி. எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன், அன்பினால்தான் செய்கிறீர்கள். ஆனால் மூன்று வருடம், தினம் ஒரு மாத்திரை. அந்த அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் முதல் பத்தியிலேயே எழுதியிருக்கும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பேத்திக்குத் தெரியுமே. அதைவிட முக்கியம், சளிக்கட்டிதானே என்று நினைப்பவர் வயிற்றுப்போக்கு வந்ததும் மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன் என்பார், புது மூச்சிரைப்பை யாரிடமும் சொல்லமாட்டார். அவருக்குத் தெரிந்திருந்தால் அவரே சொல்வார். நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஓ.பி.க்கு அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைக்காமல் உள்ளே கூட்டிப் போங்கள். 'அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்க டாக்டர், முதல்ல எடுத்தாச்சுங்கறதைச் சொல்லுங்க' என்று முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அம்மாக்கள் அந்த நேரத்தில் சொல்வது, 'எனக்கு அப்பவே தெரியும்' என்பதுதான்.